திட்டு வந்த பிறகுதான் அம்பு

"அம்பு வருது!"

மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றுகொண்டு முதலில் தமிழில் கத்துவார். கீழே மாவு மில் நடத்தும் அம்மா தலையை நிமிர்த்தாமலே "வரட்டும்" என்பார். அடுத்தது கன்னடம். "பாண பர்த்தாயிதே!" பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் பேப்பரைக் கீழே வைக்காமல் "பர்லி, பர்லி" என்று அனுமதி கொடுப்பார். மூன்றாவதாக, மரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்து தக்கனி உருதுவில் ஒரு குரல். "தீர் ஆரா!" அதற்கு மட்டும் நல்ல வார்த்தை வராது. மரத்தைத் தாண்டி ஒரு பெண் குரல் பாய்ந்து வரும். "அரே, மார் ரே நிகம்மே! கித்தா சில்லாத்தா!" அடித்துத் தொலையேண்டா உருப்படாதவனே, எவ்வளவுதான் கத்துவாய் என்று அர்த்தம். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் அவர் முகம் தெளியும். ரப்பரை இழுப்பார்.

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் சந்துக்கு இன்டர்நெட் லைன் போடுகிறவர் அவர்தான். ஐம்பது வயதிருக்கும். ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பழைய டிவிஎஸ்ஸில் வருவார். மே மாத வெயிலிலும் குரங்குக் குல்லாயைக் கழற்றமாட்டார். தமிழர்களுக்கு அம்புக்காரர், கன்னடர்களுக்கு பாண அண்ணா, மரத்துக்கு அந்தப் பக்கம் தீர் பாய். சொந்தப் பெயர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. என் போனில் இன்றைக்கும் அவர் 'அம்பு' என்றுதான் இருக்கிறார். மூன்று வருடம் ஒருவரிடம் வேலை வாங்கிக்கொண்டு பெயர்கூடக் கேட்காமல் இருந்திருக்கிறேன் என்பதிலிருந்தே நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

எங்களுக்கு அந்த லைன் சாதாரண விஷயமாக இருக்கவில்லை. என் மனைவி ரேவதிக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. மூன்றாவது முறை மூன்றாம் மாதமே டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரும்பாலும் படுக்கைதான், மாடிப்படி ஏறக்கூடாது, கனமான எதையும் தூக்கக்கூடாது. அதற்காகவே மாடி வீட்டை விட்டுவிட்டு இந்தச் சந்தில் தரைத்தளமாகப் பார்த்து வந்தோம். என் ஆபீஸ் ஒயிட்ஃபீல்டில். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மேனேஜரிடம் கெஞ்சி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன். "நெட் ஒழுங்கா இருக்கணும். ரெண்டு தடவை கட் ஆச்சுன்னா நேரா ஆபீசுக்கு வந்துடுங்க" என்றார். நான் போய்விட்டால் ரேவதி நாள் முழுக்கத் தனியாகக் கிடக்க வேண்டும்.

கம்பெனி கம்பெனியாக ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் நிமிர்ந்து பார்த்தது ஒரே இடத்தைத்தான். சந்தின் நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். நாங்கள் இருந்த மூன்று மாடிக் கட்டடத்துக்கும் எதிர்ப்பக்கக் கம்பத்துக்கும் நடுவே கூடாரம் மாதிரி விரிந்து நிற்கும். கிளைக்குக் கீழே ஒயர் இழுத்தால் தண்ணீர் லாரி அறுத்துக்கொண்டு போய்விடும். மேலே போடலாம் என்றால் மரத்தின் உச்சியைத் தாண்டி எப்படி எறிவது? "ஆகாது சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்கள். கடைசியாக மாவு மில் அம்மாதான், "அம்புக்காரரக் கூப்டுப் பாருங்களேன், அவருக்கு மரம்லாம் ஒரு கணக்கே இல்ல" என்று நம்பர் கொடுத்தார்.

வந்தவர் திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்று "வரலாமா?" என்றார். நான் போனில் இருந்தேன், வாங்க என்று கையைக் காட்டினேன். அவர் அசையவில்லை. "வரலாமா சார்?" நான் எரிச்சலோடு போனை மூடிக்கொண்டு "வாங்க" என்ற பிறகுதான் செருப்பைக் கழற்றினார். அப்புறம் "உட்காரட்டுமா?" அப்புறம் ரேவதியைப் பார்த்து, "தண்ணி கேக்கலாமாம்மா?" படுத்திருந்த ரேவதி சிரித்துவிட்டாள். அந்த வீட்டுக்கு வந்து அவள் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

பையிலிருந்து அவர் வெளியே எடுத்தது ஓர் உண்டிகோல். மாங்காய் அடிக்கிற அதே உண்டிகோல்தான். ஆனால் ஏகப்பட்ட மாற்றம் செய்திருந்தார். கவை காப்பிக் கட்டை, சிக்கமகளூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. ரப்பருக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மஞ்சள் டியூப். கல் வைக்கிற தோலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முறுக்கு நூலில் ஒரு வளையம் கட்டியிருந்தார், அம்பின் பின்பக்கப் பிளவு அதில் மாட்டிக்கொள்ளும். கவையின் இரண்டு கொம்புகளுக்கு நடுவே ஒரு பெரிய சாவி வளையம், அதற்குள் பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் மயிர். அம்பு அதற்குள் நுழைந்து படுத்துக்கொள்ளும். கை நடுங்கினாலும் அம்பு ஆடாது.

அம்புகளை வீட்டிலேயே செய்வாராம். மூங்கிலைச் சீவி மெழுகுவர்த்தி தேய்த்த குச்சி. வால்பக்கம் இறகுக்குப் பதிலாகப் பால் பாக்கெட்டை மூன்றாக வெட்டி ஒட்டியிருந்தார், நீலமும் வெள்ளையுமாக. முனையில் கைத்தடிக்குப் போடுகிற கறுப்பு ரப்பர். வாலருகே தூண்டில் நரம்பை முடிந்து, மிச்ச நரம்பை ஒரு ஜூஸ் பாட்டில் மேல் சுற்றிவைத்திருந்தார். அம்பு போகப் போக நரம்பு பாட்டிலிலிருந்து சுழன்று கழன்றுகொண்டே போகும். அந்த நரம்பில் நைலான் கயிறு, கயிற்றில் ஒயர் என்று ஒவ்வொன்றாகக் கட்டி இழுத்தால் வேலை முடிந்தது. "ஏணி போட்டு ஏறுன காலம்லாம் போச்சு சார். முட்டி ஒத்துக்கல. அதான் முட்டிக்குப் பதிலா மூளைய ஏத்துறேன்" என்றார்.

மொட்டைமாடிக்குப் போய், மூன்று மொழியில் கத்தி, மூன்று பதிலும் வாங்கி, ரப்பரைக் காது வரை இழுத்து விட்டார். பால் பாக்கெட் வால் வெயிலில் ஒரு மின்னு மின்னியது. அம்பு மரத்தின் தலைக்கு மேல் ஏறி, யோசித்து, அந்தப் பக்கம் இறங்கியது. சாயங்காலம் எனக்கு நெட் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதற்கும் "கட்டிக்கலாமா" என்று கேட்க வேண்டியிருக்குமோ என்று விட்டுவிட்டேன்.

அவரோடு ரோட்டைத் தாண்டுவது ஒரு தண்டனை. ஒருமுறை ஓசூர் ரோட்டில் அவரோடு மாட்டிக்கொண்டேன். வருகிற ஆட்டோக்காரன் முகத்தைப் பார்த்துக் கையைத் தூக்குவார். அவன் தலையசைத்தால்தான் கால் எடுத்துவைப்பார். பெங்களூரில் எந்த ஆட்டோக்காரன் தலையசைப்பான்? நான் தாண்டி, அந்தப் பக்கம் ஒரு டீ குடித்து முடித்தேன். அவர் இன்னும் இந்தப் பக்கமே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

ஏன் இப்படி என்று எனக்குச் சொன்னது சாச்சிதான். சாச்சி என்றால் சித்தி, சந்தில் எல்லாருக்கும் அவர் சாச்சி. மரத்துக்கு அந்தப் பக்கத்து வீடு சாச்சியுடையது. ஒரே தளம், பன்னிரண்டு படி ஏறினால் மாடி. எதிர்ப்பக்கக் கம்பம் அதை ஒட்டித்தான் நிற்கிறது, அம்பு வந்து விழுவது அந்த மாடியில்தான். அந்தத் திட்டும் அவருடையதுதான். அறுபதைத் தாண்டியவர், திட்டாமல் அவரால் ஒரு வாக்கியம் முடிக்க முடியாது, திட்டிய கையோடு ஒரு கிண்ணம் பிரியாணி அனுப்பாமலும் இருக்க முடியாது. ரேவதி வாணியம்பாடிக்காரி. பள்ளிக்கூடத்தில் பழகிய உருது கொஞ்சம் நாக்கில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு சாச்சியை வளைத்துப்போட்டுவிட்டாள். சாச்சி எங்கள் வீட்டுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவார்.

"மொதல்ல ரப்பரும் கெடயாது, கத்தலும் கெடயாது" என்றார் சாச்சி. "கொடக்கம்பி இருக்குல்ல, அத்த கூரா தீட்டி வுட்டுக்கினு இருந்தான் நிகம்மா. நான் மாடில தலகாணி காயப் போட்ருந்தேன். என் பொண்ணோட கொழந்த, நாலு மாசம், பக்கத்துலயே பாய்ல. அழுதுச்சின்னு தூக்கிக்கினு ரெண்டு படி எறங்குனேன். திரும்பிப் பாத்தா, யா அல்லா, தலகாணில கம்பி நிக்குது."

கம்பியை எடுக்க வந்த மனிதர் தலையணையையும் பாயையும் குழந்தையையும் பார்த்திருக்கிறார். அப்படியே படியில் உட்கார்ந்தவர் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லையாம். சாச்சி தண்ணீர் கொடுத்து, அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு திட்ட ஆரம்பித்திருக்கிறார். இன்னும் நிறுத்தவில்லை. தலையணை இப்போதும் அவர் வீட்டில் இருக்கிறது, ஓட்டையில் சிவப்புத் துணி ஒட்டுப் போட்டு. அந்தக் குழந்தை ஒன்பதாவது படிக்கிறாள்.

நான் ஒருநாள் அவரிடம் கேட்டேன். "இப்பதான் முனைல ரப்பர் போட்டுட்டீங்களே அண்ணா, பட்டாலும் என்ன ஆகும்? இன்னும் எதுக்கு இவ்ளோ சத்தம்?"

"அது ரப்பர்னு எனக்குத் தெரியும் சார். மேல படுறவங்களுக்குத் தெரியாதுல்ல."

எனக்குப் பொறுமை கிடையாது. அந்த ஐந்து மாதத்தில் அது சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது. ரேவதி எழுந்தால் "எங்க போற", திரும்பிப் படுத்தால் "மெதுவா", ஜன்னல் ஓரம் நின்றால் "உட்காரு". ஒரு நோட்டு போட்டு அவள் எத்தனை தடவை எழுந்தாள் என்றுகூட எழுதிவைத்தேன். பயம்தான். இந்தத் தடவையும் போய்விட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற பயம். ஆனால் வெளியே பார்க்கிறவர்களுக்கு நான் ஜெயிலர் மாதிரிதான் தெரிந்திருப்பேன்.

எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. முதல் நாள் சாயங்காலம் அடித்த மழையில் மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து லைனை அறுத்துக்கொண்டு விழுந்தது. மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நாங்கள் செய்த வேலையை நான்தான் விளக்கிக் காட்ட வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கட் ஆகியிருந்தது. இது இரண்டாவது. தரைத்தளத்தில் போன் சிக்னல் ஒரு கோடுதான், பேசுகிறவர்கள் முகம் வாய் திறந்தபடியே உறைந்து நிற்கும். அம்புக்காரர் வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. ரேவதியிடம், "நான் மாடிக்குப் போறேன், எழுந்திரிக்காத" என்று சொல்லிவிட்டு, தூங்கட்டும் என்று கதவை வெறுமனே சாத்திவிட்டு அவரோடு ஏறினேன். அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறிவர ஒரு யுகம் ஆயிற்று.

"அம்பு வருது!"

"வரட்டும்" என்றார் மில் அம்மா.

"பாண பர்த்தாயிதே!"

"பர்லி, பர்லி."

"தீர் ஆரா!"

சத்தமில்லை.

மறுபடி கத்தினார். மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு காக்கை கத்தியது, அவ்வளவுதான். இலை அடர்த்தியில் சாச்சி வீட்டு மாடி எங்களுக்குத் தெரியாது. மூன்றாவது முறை கத்தினார். மணி ஒன்று.

"சாச்சி எங்கயாவது வெளிய போயிருப்பாங்க. அடிங்க அண்ணா."

"திட்டு வரலியே சார்."

"ஆள் இல்லன்னா எப்படி வரும்?"

"ஆள் இல்லன்னு யார் சொன்னா? இல்லாதவங்க இல்லன்னு சொல்லமாட்டாங்களே" என்றார். மறுபடி கத்தினார்.

ஒன்றே கால். எனக்குள் என்னவோ புகுந்துகொண்டது. செய்ததைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, குரலைக் கீச்சென்று மாற்றி, "ஹா பாய், மாரோ ஜீ!", ஆமாம் அண்ணா அடியுங்கள், என்று கத்தினேன். வெளியே வந்து, "அதோ, சொல்லிட்டாங்க பாருங்க" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"சாச்சி இவ்ளோ மரியாதையா பேசமாட்டாங்க சார்."

அம்பைக் கழற்றிப் பையில் போட்டார். உண்டிகோலைச் சுவரில் சாய்த்துவைத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கிப் போனார். நான் மேலேயே நின்றேன். சந்தைக் குறுக்கே தாண்டி அவர் மரத்துக்குக் கீழே மறைந்துபோனது தெரிந்தது. அதற்கப்புறம் எதுவும் தெரியவில்லை. நான் வாட்சைப் பார்ப்பதும், மரத்தைத் திட்டுவதும், என்னைத் திட்டிக்கொள்வதுமாக இருந்தேன்.

கால் மணி கழித்து மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"ஆள் இருந்தாங்க சார். எறங்கிட்டாங்க. அஞ்சு நிமிஷம் பொறுங்க."

"யாரு?"

பாட்டிலில் நரம்பைச் சரிசெய்துகொண்டே, "மேல காத்து எப்படி இருக்குன்னு பாருங்க" என்றார். நானும் முட்டாள் மாதிரி காற்றைப் பார்த்தேன்.

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி மூன்று மொழியிலும் கத்தினார். இந்த முறை மரத்துக்கு அப்பாலிருந்து திட்டு வந்தது. வழக்கமாக வருவதைவிட நீளமாகவே வந்தது, அவருடைய அப்பா தாத்தா வரைக்கும் போய்த் திரும்பியது. அவர் முகம் மலர்ந்தது. ரப்பரை இழுத்தார். இரண்டு மணிக்கு நாலு நிமிடம் இருக்கும்போது ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்தது.

கீழே ரேவதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "நெட் வந்துடுச்சா?" என்றாள். தலையில் புதிதாக எண்ணெய் வைத்து, இறுக்கப் பின்னல் போட்டிருந்தது. அவளால் அப்படிப் பின்னிக்கொள்ள முடியாது. அதைப் பார்த்தேன், ஆனால் எனக்கு இரண்டு மணி மீட்டிங்தான் கண்ணில் இருந்தது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தாள். இருபத்தெட்டாம் நாள் அம்புக்காரர் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து கதவுக்கு வெளியே நின்றார். "வரலாமா?" உள்ளேயிருந்து ரேவதி சாச்சியின் குரலிலேயே, "அரே, ஆ ரே நிகம்மே!" என்றாள். மனிதர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஆச்சரியம். இவர்களுக்குள் இவ்வளவு நெருக்கம் எப்போது வந்தது?

அப்போதுதான் ரேவதி சொன்னாள். "அன்னிக்கு சாச்சி மாடில இருந்தது நான்தாங்க."

நான் மேலே போன ஐந்தாவது நிமிடம் சாச்சி வந்திருக்கிறார். ஐந்து மாதமாக வெயிலே படாமல் வெளுத்துக் கிடக்கிறாயே என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், பன்னிரண்டு படியையும் நின்று நின்று ஏற்றி, பாய் போட்டு, அந்தச் சிவப்பு ஒட்டுத் தலையணையை முதுகுக்கு வைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறார். அம்பு வருகிறது என்று கத்தியது இவர்களுக்குக் கேட்டிருக்கிறது. சாச்சி வாயைத் திறக்கப் போனபோது ரேவதி கையை வைத்துப் பொத்திவிட்டாள். பதில் சொன்னால் பேச்சு வளரும், எதிர் மாடியிலிருக்கும் எனக்கு விஷயம் தெரிந்துவிடும், நான் கத்துவேன். "எப்படியும் பதில் வராம அடிக்கமாட்டார்னு தெரியும். அந்தத் தைரியத்துலதான் சும்மா இருந்தோம்" என்றாள்.

என் கீச்சுக் குரலும் அவர்களுக்குக் கேட்டிருக்கிறது. அப்போதுதான் பயந்துபோனாளாம். எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. சாச்சி அவளைத் தூக்கிவிடப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழ்ப்படியிலிருந்து "வரலாமா?" என்று அவர் குரல் கேட்டதாம்.

அம்புக்காரரைப் பார்த்தேன். "என்கிட்ட ஏன் அண்ணா சொல்லல?"

"சார்கிட்ட சொல்லட்டுமான்னு கேட்டேன் சார். அம்மா வேணாம்னாங்க" என்றார், இதில் என்ன இருக்கிறது என்பது போல.

நான் காற்றைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிடத்தில்தான் சாச்சி அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அவளைப் படியில் இறக்கிய விதத்தையும் ரேவதி சொன்னாள். அவர் முன்னால், அவளைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே இறங்கினாராம். வழுக்கினால் அவர் மேல்தான் விழவேண்டும் என்று. ஒவ்வொரு படிக்கும் "அடுத்தது வைக்கலாமாம்மா?" என்று கேட்டாராம். அவள் ம் என்ற பிறகுதான் அடுத்த படி. அந்த முட்டியோடு பன்னிரண்டு படி.

நான் அத்தனை மாதமும் ரேவதியிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறேன். நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட அவளிடம் எதையும் கேட்டதில்லை. அது அன்றைக்கு அந்த அறையில் எல்லார் முன்னாலும் எனக்கு உறைத்தது. அழுகை வந்தது, குழந்தைத் துணியை மடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"தூக்குங்க அண்ணா" என்றாள் ரேவதி, குழந்தையைக் காட்டி.

அவர் குல்லாயைக் கழற்றினார். அவர் தலையை நான் பார்த்தது அன்றுதான், பாதி வழுக்கை. தொட்டில் பக்கம் குனிந்து, "தூக்கட்டுமாம்மா?" என்றார். ரேவதி "அதான் சொன்னேனே" என்றாள். அவர் ரேவதியைப் பார்க்கவில்லை. குழந்தையிடம்தான் கேட்டிருந்தார். தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, தக்கனியில் ஒருமுறை. நாங்களும் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் முகத்தைச் சுளித்து வீறிட்டு அழுதாள்.

"வேணாங்குறாங்க" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாம் மாதம் லைன் பார்க்க வந்தபோதும் கேட்டார். தூங்கிக்கொண்டிருந்தாள், பதிலில்லை. மூன்றாம் மாதம் கேட்டபோது அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யோசிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சாச்சிக்குப் பொறுக்கவில்லை, "உட்டா லே ரே, நிகம்மே", தூக்கித் தொலையேண்டா, என்று என் எதிரிலேயே திட்டினார். அவர் அசையவில்லை.

நாலாம் மாதம் வந்தபோது நானே வாசலுக்குப் போய் "வாங்க" என்றேன். தொட்டிலில் குனிந்து கேட்டார். குழந்தை குல்லாயைப் பார்த்துப் பொக்கை வாய் திறந்து சத்தமாகச் சிரித்தாள்.

அதற்கப்புறம்தான் தூக்கினார்.